கனடாப் பந்தலின் நாலாவது கால்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு மடக்குப் பந்தலின் காலுக்கு ஓட்டை போட்டது.

அக்டோபர் மாதக் கடைசிச் சனிக்கிழமை, காலை பத்து மணி. கிரெஸென்சியோ பராஹாஸ் அலுமினியக் காலை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். எல்வியா டிரில்லைப் பிடித்தாள். அவள் குவாதலஹாரா நகரத்தில் லிஃப்ட் எஞ்சினியர். முப்பது மாடிக் கட்டடத்துக் கம்பிக்கயிற்றை நம்பி அவளிடம் விட்டிருக்கிறார்கள். இந்தக் காலை நம்பி விட அப்பாவுக்கு மனம் வரவில்லை.

"அழுத்தாத. அது தானா இறங்கும்."

"அப்பா, நான் எஞ்சினியர்."

"தெரியும். அதான் சொல்றேன்."

ஓட்டை சுத்தமாக விழுந்தது. இனி அதில் ஒரு பின் மாட்டினால் கால் நிற்கும். பந்தலோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தில் எட்டு எம்.எம். ஸ்டீல் பின் என்று போட்டிருந்தது. அந்தப் பதினான்கு பக்கத்தையும் அவர் எல்வியாவை உட்கார வைத்து ஒரு வரி விடாமல் மொழிபெயர்க்கச் சொல்லியிருந்தார்; 'பந்தலின் அடியில் பார்பிக்யூ செய்யாதீர்கள்' என்பது உட்பட. எட்டு எம்.எம். பின் அவர் ஊரான சாந்தா ருஃபினாவில் ஒரே கடையில்தான் கிடைக்கும். அந்தக் கடை வாசலை அவர் மூன்று மாதமாக மிதிக்கவில்லை. தற்காலிகமாக ஒரு ஆணியைச் செருகி வளைத்துவிட்டார்.

"திங்கக்கிழமை போய் வாங்கிட்டு வரேன்" என்றார், ஆணியைப் பார்த்தபடி.

"நான் போகட்டா?"

"நான்தான் போகணும்."

திங்கட்கிழமை காலை காபிக்குத் தண்ணீர் வைத்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர், அடுப்பை அணைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அறுபத்தெட்டு வயது.

ஊரில் அவரைத் தோன் செஞ்சோ என்பார்கள்; ஆணுக்கு மரியாதையாகத் 'தோன்', பெண்ணுக்குத் 'தோன்யா'. ஃபிரிட்ஜ் ரிப்பேர். நாற்பத்தொரு வருடம் அதே வேலை. மற்ற மெக்கானிக்குகள் ஃபிரிட்ஜைத் தட்டிப் பார்ப்பார்கள், காதை வைத்துக் கேட்பார்கள். அவர் வந்ததும், "புத்தகம் எங்க?" என்பார். வீட்டுக்காரர்கள் அலமாரியைக் கவிழ்த்துத் தேடி எடுத்துக் கொடுத்தால், நாற்காலி போட்டு முதல் பக்கத்திலிருந்து படிப்பார். ஐஸ் உருகி ஓடும். கோழி நாறும். அவர் பக்கம் திருப்புவார். ஆனால் ஒரு தடவை அவர் கை வைத்த ஃபிரிட்ஜ் திரும்ப நின்றதில்லை என்பதால் ஊர் பொறுத்துக்கொண்டது.

அப்படிப்பட்டவரை அந்த வருடத் தேசத் தேர்தலுக்கு வாக்குச்சாவடித் தலைவராகக் குலுக்கலில் எடுத்தார்கள். பிறந்த மாதத்தையும் குடும்பப் பெயரின் முதலெழுத்தையும் குலுக்கிப் போட்டு ஊழியர்களை எடுப்பது அங்கே வழக்கம். யார் பெயர் வந்தாலும் போய் உட்கார வேண்டும். மற்றவர்களுக்கு அது தலைவலி. செஞ்சோவுக்கு நூற்றிருபது பக்கக் கையேடு ஒன்று கிடைத்தது. மூன்று தடவை படித்தார். எல்வியாவுக்கு ஃபோன் போட்டு, "பென்சில் நுனி உடைஞ்சா என்ன செய்யணும்னு கூடப் போட்டிருக்கான்!" என்றார். மனைவி இறந்த பிறகு இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் கேட்டதில்லை.

ஜூன் முதல் ஞாயிறு. ஓட்டுப் போட எல்வியா ஊருக்கு வந்திருந்தாள். வாக்குச்சாவடி அவர்கள் தெரு பாலர் பள்ளியில். உள்ளே இடம் போதாமல் வரிசை தெருவில் நின்றது.

பள்ளி வாசலில் கட்சி ஏஜெண்ட் நாற்காலியில் தோன் ஃபிலெமோன் உட்கார்ந்திருந்தார். ஹார்டுவேர் கடைக்காரர். எல்வியாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அவளைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன். அதிலிருந்து அவரும் செஞ்சோவும் ஒருவரை ஒருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள். உடன்பிறந்தானுக்கும் மேலே என்று அர்த்தம். ஞாயிறு தோறும் டொமினோ. அது முப்பத்தாறு வருடப் பழக்கம். ஃபிலெமோனுக்குத் தேர்தல் என்றால் புகார் எழுதுவது. ஆறு தேர்தலில் முப்பத்தொரு புகார் எழுதியிருக்கிறார். ஒன்றைக்கூட எவனும் படித்ததில்லை. அதனால் அவருக்கு எழுதுவதில் ஒரு கூச்சமும் இருந்ததில்லை.

உள்ளே மூலையில் உருகுவேக்காரர் ஒராசியோ. வெளிநாட்டுப் பார்வையாளர். கழுத்தில் படம் போட்ட அட்டை. வெளிநாட்டவர் தேர்தலைப் பார்க்கலாம். அனுமதி வாங்கிய அட்டை வேண்டும், அபிப்பிராயம் மட்டும் சொல்லக்கூடாது. ஒராசியோ அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். மதியம் பொசோலே சூப் வந்தபோது செஞ்சோ கேட்டார்.

"உப்பு சரியா இருக்கா சார்?"

"கருத்துச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை" என்றார் ஒராசியோ, இரண்டாவது கிண்ணத்தை நீட்டியபடி.

ஒன்றரை மணிக்கு ஏரிப் பக்கம் வானம் கறுத்தது. தெருவில் எழுபது பேர். கைக்குழந்தைக்காரிகள், ஊன்றுகோல் வைத்தவர்கள். மழை பெய்தால் பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எதிர்வீட்டு கேட் திறந்தது. தோன்யா வினி தன் தோட்டத்துப் பந்தலை இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள்.

வினிஃப்ரெட் கனடாக்காரி. எழுபத்துமூன்று வயது. அந்த வீட்டில் பத்தொன்பது வருடம். புருஷன் ஹரால்ட் ஊர்க் கல்லறையில் படுத்திருக்கிறார். பக்கத்து இடத்தைத் தனக்கென்று வாங்கி, சுற்றிலும் ஜெரேனியம் நட்டு வைத்திருக்கிறாள். மரியாதைச் சொல் மட்டும் அவள் நாக்கில் ஏறவே இல்லை. பாதிரியாரைக்கூட நீ என்பாள்.

"செஞ்சோ, நீ பிடி. மழை வருது. ஜனம் நனையும்."

பந்தலை விரித்தார்கள். வெள்ளைத் துணி. நடுவில் ஒரு ஆள் நீளத்துக்குச் சிவப்பு மேப்பிள் இலை.

ஃபிலெமோன் நாற்காலியை விட்டு எழுந்தார். முகத்தில் பண்டிகைக் களை.

"கொம்பாத்ரே! வேற நாட்டுக் கொடிக்குக் கீழ நம்ம நாட்டுத் தேர்தலா?" செல்ஃபோனில் நாலு படம் எடுத்தார். "அரசியல் சாசனம், முப்பத்துமூணாவது பிரிவு. வெளிநாட்டுக்காரங்க நம்ம அரசியல்ல எந்த விதத்திலயும் தலையிடக்கூடாது. தலையிட்டா நாட்டை விட்டு அனுப்பலாம்."

"நிழல்ல என்ன அரசியல் இருக்கு?"

"அதை நான் சொல்லக்கூடாது. நீங்கதான் தலைவர். புத்தகத்தைப் பாருங்க."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. செஞ்சோ கையேட்டைத் திறந்தார். எழுபது பேர் வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

"வெளிநாட்டுக்காரங்க கட்சிக்கோ வேட்பாளருக்கோ பணமாவோ பொருளாவோ தரக்கூடாது" என்று படித்தார். "இது கட்சிக்குத் தரல. வரிசைக்குத் தந்தது. வரிசையில எல்லாக் கட்சியும் இருக்கு."

"அவ தானா கொண்டுவந்து கொடுத்தா. அதுதான் தலையீடு."

இங்கேதான் செஞ்சோ யோசித்தார். சம்பவப் படிவத்தில் எழுதியாக வேண்டும். நடந்ததைத்தான் எழுதுவார், பொய் எழுத அவருக்குக் கை வராது. 'வெளிநாட்டவர் தாமாக முன்வந்து' என்று எழுதினால் அவள் கதி என்ன ஆகுமோ தெரியாது. கையேட்டை மூடினார்.

"அம்மா, இதைத் திரும்ப எடுத்துட்டுப் போங்க."

"என்ன? மழை—"

"எடுத்துட்டுப் போங்கம்மா."

வினி உதட்டைக் கடித்துக்கொண்டு பந்தலை மடித்து இழுத்துப் போனாள். வரிசை முணுமுணுத்தது. ஒரு பெண் சத்தமாகவே, "மனுஷனுக்குப் புத்தி பிசகிடுச்சு" என்றாள். செஞ்சோ பாலர் பள்ளி சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய், தெரு நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு போட்டார். பிறகு கோட்டைத் தாண்டி எதிர்வீட்டு மணியை அடித்தார். கதவு திறந்தது. இப்போதுதான் பார்த்தவளிடம் தொப்பியைக் கழற்றினார்.

"வணக்கம் அம்மா. வாக்குச்சாவடித் தலைவர் என்கிற முறையில உங்க பந்தலைக் கடனாக் கேட்க வந்திருக்கேன்."

"நீ குடிச்சிருக்கியா?"

"இல்லம்மா. தரீங்களா?"

அவரே இழுத்து வந்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும்படி அவளிடம் சொல்லியிருந்தார். அவள் நின்றாள், வாய் நிற்கவில்லை.

"இடது கால் முதல்ல! அது இல்ல, அடுத்தது!"

"பாருங்க, உத்தரவு போடறா!" என்றார் ஃபிலெமோன்.

"பந்தலுக்குப் போடறாங்க, ஓட்டுக்கு இல்ல" என்றார் செஞ்சோ. ஒராசியோவைத் திரும்பிப் பார்த்தார்.

"கருத்துச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

இலை பாக்கி. அதை மறைக்கத் துணி எடுத்து வரும்படி எல்வியாவை அனுப்பினார். அவள் வீட்டு டிராயரைத் திறந்தாள். மூன்று மேசைவிரிப்பு. ஒன்றில் ஃபிலெமோன் கட்சியின் பழைய வேட்பாளர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். மற்ற இரண்டிலும் எதிர்க்கட்சிச் சின்னங்கள். ஒவ்வொரு பிரசாரத்திலும் வீட்டுக்கு வீடு கொடுத்தவை. பக்கத்து வீட்டில் கேட்டாள்: ஏப்ரன், கட்சி. அதற்கு அடுத்த வீடு: டார்ட்டியா ரொட்டி மூடும் துணி, கட்சி. ஜன்னல் திரையே கட்சி. ஒருத்தி போர்வையை நீட்டினாள். மூலையில் மேயர் முகம். வாக்குச்சாவடிப் பக்கம் கட்சிச் சின்னம் வரக்கூடாது என்று கையேடு சொல்கிறது. அந்தத் தெரு முழுவதிலும் கட்சி சாராத பெரிய துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் கனடா இலை இருந்தது.

எல்வியா கையை விரித்துக்கொண்டு திரும்பி வந்தாள். செஞ்சோ தன் பட்டறையிலிருந்து ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டி இரண்டைக் கிழித்து, இலைமேல் கம்பியால் கட்டினார். 'இந்தப் பக்கம் மேலே' என்று ஒரு அம்புக்குறி இருந்தது. அது எந்தக் கட்சியைக் காட்டுகிறது என்று பார்க்க ஃபிலெமோன் தெருவில் இறங்கி, பந்தல் விளிம்புக்கு வந்து, தலையைத் தூக்கினார்.

மழை அப்போது விழுந்தது. மழை இல்லை, ஏரி. அட்டை ஊறி, தோசை மாதிரி வழுக்கி ஃபிலெமோன் தலையில் இறங்கியது. கூடவே காற்று. நாலாவது காலின் இணைப்பு படக்கென்று உடைந்தது. பந்தல் ஒரு பக்கம் சாய, கைக்குழந்தைக்காரி அலற, ஃபிலெமோன் யோசிக்காமல் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவில்லை. நாற்பது நிமிஷம். புது ஷூவில் தண்ணீர் ஏற, தலையில் அட்டைக்கூழ் வழிய, மேப்பிள் இலைக்குக் கீழே நின்றார். வரிசை ஒவ்வொருவராக உள்ளே போய் ஓட்டுப் போட்டு வந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

மழை விட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்குப் போய், தன் முப்பத்திரண்டாவது புகாரை எழுதினார். செஞ்சோ அதை வாங்கி மரியாதையாக உறையில் வைத்தார். தன் படிவத்தில் நடந்த அத்தனையையும் நேரப்படி எழுதினார். 1:40, அம்மாள் கொண்டுவந்தார், திருப்பி அனுப்பினேன். 1:55, நான் போய்க் கேட்டேன், தந்தார். சாக்பீஸ் கோட்டின் நீளத்தைக்கூட அளந்து எழுதினார்.

சாயங்காலம் உடைந்த பந்தலை வினி வீட்டு வாசலில் காட்டினார்.

"சரி பண்ணித்தான் தருவேன் அம்மா. ஒரு வாரம்."

"நீ சொன்னா சரி."

யாரும் படிக்காத முப்பத்தொன்றுக்குப் பிறகு, முப்பத்திரண்டாவதை யாரோ படித்துவிட்டார்கள். ஃபிலெமோன் கட்சிக்கு அனுப்பிய படம் கை மாறிக் கை மாறி எங்கெங்கோ போயிற்று. ஜூலையில் வினிக்கு ஒரு கடிதம் வந்தது: நகரத்துக் குடியேற்ற அலுவலகத்தில் நேரில் ஆஜராக வேண்டும், பொருள்: முப்பத்துமூன்றாவது பிரிவு. அவள் அதை எடுத்துக்கொண்டு செஞ்சோவிடம் வந்தாள். அதை அவர் கையில் திணித்தாள். கேட்டாள்:

"ஹரால்டை யார் பார்ப்பா?"

செஞ்சோ கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "நானும் வரேன்" என்றார்.

எல்வியா லீவு போட்டு வண்டி ஓட்டினாள். பின்சீட்டில் வினி, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி விறைப்பாக, தொப்பியும் கையுறையுமாய். முன்சீட்டில் அப்பா, மடியில் கையேடு, படிவ நகல், பென்சில். வண்டிக் கூரையில் பந்தல்.

"அதை எதுக்குப்பா?"

"சாட்சிப் பொருள்."

வாசலில் காவலாளி, "உள்ள கொண்டுவராதீங்க" என்றான். "அப்ப நீங்க வெளிய வந்து பாருங்க" என்று அவனிடம் அதை விரித்துக் காட்டத் தொடங்கிவிட்டார். எல்வியா அவரை உள்ளே இழுத்து வந்தாள்.

அதிகாரி சோர்ந்த மனிதர், மேசையில் பாதி கடித்த சாண்ட்விச். சாட்சியாக ஃபிலெமோனையும் வரச் சொல்லியிருந்தார்கள். கோட் மாட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வினியை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் அவர் கடையில் பத்தொன்பது வருட வாடிக்கை. இப்படி ஆகும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. ஆனால் கையெழுத்துப் போட்ட புகாரை எப்படி விழுங்குவது?

அதிகாரி படிவத்தைப் படித்தார். சாக்பீஸ் கோடு வந்ததும் படிப்பதை நிறுத்தினார்.

"நாலு மீட்டர் இருபது சென்டிமீட்டரா?"

"டேப் வச்சு அளந்தது, சார்" என்றார் செஞ்சோ. "அந்த அம்மா அதைத் தாண்டல. பந்தல் கேட்டது நான். சட்டம் யாரைப் பிடிக்கணுமோ அது நான்தான். நான் இந்த நாட்டுக்காரன், என்னை எங்க அனுப்புவீங்க?"

"அதை நான் முடிவு பண்றேன். அந்தப் பந்தலால யாருக்காவது அரசியல் லாபம் கிடைச்சுதா?"

செஞ்சோ கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கத்தை எல்வியா பார்த்தாள். பிறகு அவர் நாற்காலியில் திரும்பினார்.

"கொம்பாத்ரே, ரெண்டு பத்துக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

ஃபிலெமோன் காது சிவந்தது. "பந்தல்கிட்ட."

"கிட்டவா?"

"…கீழ."

"என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டது அதிகாரி.

"காலைப் பிடிச்சிட்டிருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம்."

அதிகாரி பேனாவை வைத்தார். "அப்ப அந்த வெளிநாட்டுத் தலையீட்டை நாப்பது நிமிஷம் தூக்கி நிறுத்தினது புகார் கொடுத்த நீங்கதான்."

அறையில் இருந்த எழுத்தர் சிரித்துவிட்டான். அதிகாரியும் சாண்ட்விச்சால் வாயை மூடிக்கொண்டார். மேல் நடவடிக்கை தேவையில்லை என்று எழுதி முத்திரை குத்தினார். வினி எழுந்து அவர் கையைப் பிடித்து, "நீ நல்லவன்" என்றாள். அவருக்கு வயது அறுபது இருக்கும்.

எழுத்தரின் மாமியார் ஊர் சாந்தா ருஃபினா. அவர்கள் வண்டி ஊர் சேரும் முன்பே கதை சேர்ந்திருந்தது. மறுநாளிலிருந்து ஃபிலெமோனுக்குப் பெயர் 'நாலாவது கால்'. பிள்ளைகள் கடை வாசலில் நொண்டிக் காட்டினார்கள். வாடிக்கைக்காரர்கள், "பந்தல் கால் வாடகைக்குக் கிடைக்குமா?" என்றார்கள். அந்த ஞாயிறு டொமினோவுக்கு அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. செஞ்சோ கட்டைகளை மேசையில் பரப்பி வைத்து, ஐந்து மணி வரை பார்த்துவிட்டு, திரும்பப் பெட்டியில் அடுக்கினார்.

"வேற என்னத்தைக் கேட்டிருக்க முடியும்?" என்றார் ஒரு தடவை எல்வியாவிடம். "அந்த அம்மாவை அனுப்பிடுவான்."

"நீங்க சரியாத்தான் கேட்டீங்க."

"சரியாத்தான் கேட்டேன்." பெட்டியை மூடினார். "எல்லார் முன்னாடியும் கேட்டேன்."

எட்டு எம்.எம். பின்னுக்காக அவர் ஏரியைச் சுற்றி நாலு ஊர் போனார். ஆறு எம்.எம். கிடைத்தது, பத்து எம்.எம். கிடைத்தது, எட்டு இல்லை. வினி வாராவாரம் கேட்டை எட்டிப் பார்த்து, "செஞ்சோ, என் கூரை?" என்பாள். "அடுத்த வாரம் அம்மா." ஒப்படைப்பு ரசீது மட்டும் ஆகஸ்டிலேயே இரண்டு பிரதி எழுதி, தன் கையெழுத்தும் போட்டு வைத்துவிட்டார்.

செஞ்சோ இறந்ததும் வீட்டில் ஒன்பது நாள் ஜெபமாலை. அவர் கை வைத்த ஃபிரிட்ஜ் வைத்திருந்தவர்கள் எல்லாரும் வந்ததால் வீடு கொள்ளவில்லை. சாயங்கால வெயில் தெருவில் காய்ந்தது. முதல் நாளே வினி வந்து பட்டறையைக் காட்டினாள்.

"எல்வியா, என் பந்தல் போடு."

மூன்று காலும் ஒரு ஆணியுமாகப் பந்தல் நின்றது. மேப்பிள் இலைக்குக் கீழே ஊர் முழங்காலிட்டது.

ஒன்பதாம் நாள் ஃபிலெமோன் வந்தார். அதே கோட். யாரும் நொண்டிக் காட்டவில்லை. உட்கார இடம் கொடுத்தார்கள், உட்காரவில்லை. நேராக நாலாவது காலிடம் போனார். ஜெபமாலையின் மூன்றாவது மணியில் ஏரிக்காற்று எழுந்தது, துணி படபடத்தது. அவர் ஒரு கையால் காலைப் பிடித்துக்கொண்டார். மறு கையில் ஜெபமாலை. முடியும் வரை விடவில்லை.

கூட்டம் கலைந்ததும் எல்வியா காபி கொண்டு போனாள். அவர் ஆணியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு எட்டு எம்.எம். பின்னுதானே மகளே போடணும்? கடையில ஒரு டப்பா நிறைய வச்சிருக்கேனே. ஏன் வந்து வாங்கல?"

அவள் காபித் தம்ளரை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். காபியைக் குடிக்காமல் தம்ளரையே பார்த்தார்.

"காலையில கொண்டுவந்து மாட்டிடறேன்" என்றார். "அந்த அம்மாகிட்ட ஒப்படைச்சிடலாம்."

அவர் போன பிறகு எல்வியா ஏப்ரன் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தாள். அப்பா திங்கட்கிழமை போட்டிருந்த சட்டையின் பையில் இருந்தது. சதுரத் தாள், பென்சில் எழுத்து, அவருடைய வழக்கப்படி வரிசை எண் போட்டிருந்தார்.

1. ஃபிலெமோன் கடை. பின், 8 எம்.எம்., ஒன்று.

2. ஞாயிறு டொமினோவுக்கு வருவாரா என்று கேட்க.